எந்த விரலால் வந்தார்

எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. 'விபத்து இல்லாமல் கடந்த நாட்கள்' என்று எழுதி, அதன் கீழே மூன்று ஆணிகளில் மூன்று தகர எண்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். தினமும் காலையில் காவலாளி எண்ணை மாற்றிவிட்டு, அத்தனை பேரையும் தானே காப்பாற்றியவர்போல இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். நான் சொல்லவரும் நாட்களில் அந்த எண் முந்நூற்று ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு வருடம் நிறைந்தால் கம்பெனிக்குக் கேடயம், எங்கள் ஒவ்வொருவருக்கும் சக்கரம் வைத்த பயணப்பெட்டி. அதை உருட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போகப்போகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. பெட்டி நீலமா கறுப்பா என்பதில்தான் கேன்டீனில் சண்டை.

அந்த எண் முழுப் பொய். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைத் தயார் செய்தவர்களில் நானும் ஒருவன். நான் அங்கே டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்ப்பது என் வேலை. பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் இருப்பதையும் அந்த வேலையோடு நானாகவே சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பொய்யை முகத்துக்கு நேரே பொய் என்று சொன்னது டிஞ்சர் அக்கா. இது அவரைப் பற்றி எழுதுவது. நடுவில் நானும் வருவேன். அந்த இடங்களில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, இருந்தாலும் மறைக்கப்போவதில்லை.

அக்கா முதலில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தவர். அட்டைப்பெட்டிகளுக்கு நாடா இழுத்துக் கட்டும் இயந்திரத்தில் நின்றார். சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த இயந்திரம் அவருடைய இடதுகைச் சுண்டுவிரலையும் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டது. எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியது. பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். விசாரித்தபோது இருவரும், "வரும்போதே கையில கட்டோடதான் சார் வந்துச்சு, வீட்ல கதவுல நசுங்கிருச்சாம்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தோடு கதை முடிந்தது. இருபத்து மூன்று நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு அக்கா திரும்பி வந்தார். அந்த இருவரில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் இங்கேயே பிரஸ் ஆபரேட்டர் ஆனார்.

சில வருடம் கழித்து முதலுதவிப் பயிற்சிக்கு ஆள் கேட்டு அறிவிப்பு ஒட்டினார்கள். ஆறு வாரம் விடுமுறை நாள் போய்விடும் என்று ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. அக்கா கொடுத்தார். அன்றிலிருந்து முதலுதவி அறை அவருடையது, பெயர் டிஞ்சர் அக்கா. வெட்டுப்பட்டு வந்தவனுக்கு அவர் டிஞ்சர் வைத்தால் அந்த அலறல் கேன்டீன் வரை கேட்கும்.

அறை என்று பெயர்தான். கம்ப்ரஸருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு சந்து, அதற்கு ஒரு கதவு. ரெக்ஸின் கிழிந்த கட்டில், கிழிசலுக்கு மேல் பிளாஸ்திரி. பக்கவாட்டில் தட்டினால்தான் தண்ணீர் விடும் குழாய். மேஜைமேல் விபத்துப் பதிவேடு. நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. பெயர், தேதி, நேரம், எந்த இயந்திரம், எந்த உறுப்பு, காரணம், சாட்சி என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

அக்கா காயத்தைக் கழுவும்போதே கேள்வியையும் ஆரம்பித்துவிடுவார். எங்கே நின்றாய், எந்தக் கை, யார் பக்கத்தில், மெஷின் எப்படி இருந்தது. ஒருநாள் நான், "ஏன்க்கா, மனுஷன் துடிச்சுக்கிட்டு இருக்கான், கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்கக் கூடாதா?" என்றேன்.

"வலி இருக்கும்போதே கேட்டுரணும் தம்பி. வலி குறைஞ்சா மேனேஜர் ஞாபகம் வந்துரும்" என்றார்.

காரணம் என்ற கட்டத்தில்தான் அவருக்கும் சேப்டி சாருக்கும் ஏழாம் பொருத்தம். சேப்டி சார் என்பவர் பாதுகாப்பு அதிகாரி. அக்காவுக்கு எழுதும் சிரமம் வேண்டாம் என்று 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரு ரப்பர் முத்திரையே செய்து கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் மருந்து அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அந்த முத்திரையை அவர் கதவிடுக்கில் செருகி வைத்துவிட்டார். அளவு சரியாக இருந்தது.

"கை போய் மெஷின்ல விழல சார். மெஷின் வந்து கையில விழுந்துச்சு. நடந்ததைத்தானே எழுதணும்" என்பார்.

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் எழுதியது அந்த அறையைத் தாண்டவில்லை. விதி இதுதான்: அடிபட்டவர் இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால், அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு படிவம் போக வேண்டும். அதை அனுப்புவது சேப்டி சார். அவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வராமல் போனால்தானே படிவம்? அடிபட்டவரை வீட்டிலிருந்து கம்பெனி வண்டியில் கூட்டிவந்து, வருகை பதியவைத்து, என் அறையில் இரண்டு நீல பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் சாயங்காலம் வரை உட்கார வைத்துவிடுவார். முதுகு பிடித்தவர், காலில் கட்டுப்போட்டவர், கண்ணில் பொறி பட்டவர், எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்து என் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். நான் டீ வாங்கிக் கொடுப்பேன். அதை உபகாரம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரே ஒரு சிக்கல். எங்கள் வாசலில் விரல் வைக்கும் இயந்திரம். எல்லோருக்கும் வலது ஆள்காட்டி விரல் பதிவாகியிருக்கும். அந்த விரலிலேயே கட்டு இருந்தால் இயந்திரம் கதவைத் திறக்காது. அப்போது நான் கம்ப்யூட்டரில் புகுந்து வேறு விரலைப் பதிந்து கொடுப்பேன். காயம் ஆறியதும் பழைய விரலுக்கே மாற்றுவேன். மூன்று வருடமாக இதைச் செய்துகொண்டிருந்தேன்.

இனி விசிலைப் பற்றி. தகடு வெட்டும் பிரஸ் பிரிவில் சத்தம் காதைப் பிளக்கும், சாப்பாட்டு மணி யாருக்கும் கேட்காது. அங்கே ஒரு ஆபரேட்டர் வலதுகையின் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால் கடைசி வரிசை வரை எல்லா மெஷினும் நிற்கும். அதனால் விசில். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அக்காவின் விரலை வாய்வார்த்தையிலேயே கதவில் நசுக்கிய அந்த இரண்டாவது ஆள் இவர்தான்.

பலகையில் முந்நூற்று நாற்பத்தொன்பது தொங்கிய அன்று, பிரஸ் விசிலின் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துக்கொண்டது. பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே எதுவும் மாட்டாது. ஆனால் ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் அழுத்தினால் ஒரு மணிக்கு நாற்பது உருப்படி கூட வரும். அதற்காகச் சூப்பர்வைசர் வலது பட்டனை டேப் போட்டு அழுத்தியபடியே ஒட்டி வைத்திருந்தார். அது பிரஸ் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

அக்கா ரத்தத்தைக் கட்டிக்கொண்டே கேட்டார். விசில் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். ஆம்புலன்ஸ் போனதும் அக்கா எழுதினார்: 'வலது பட்டன் டேப் கொண்டு ஒட்டப்பட்டிருந்தது.' பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு பிரஸ் பிரிவுக்கே போய்ச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். ஐந்து பேர் நின்றார்கள். ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் அவசரமாக எண்ணெய் விட ஆரம்பித்தார். டேப்பை அதற்குள் யாரோ பிய்த்திருந்தார்கள். பட்டனில் பசை மட்டும் பிசுபிசுத்தது.

மறுநாள் காலை வண்டியில் விசில் வந்து இறங்கினார். வலதுகை முழங்கை வரை கட்டு, முகம் வெளுத்திருந்தது. "இடதுகை விரலைப் பதிஞ்சு விடுப்பா" என்று சேப்டி சார் சொல்லிவிட்டுப் போனார். நான் பதிந்தேன். இரண்டு முறை தவறியது. "மன்னிச்சுக்கோ தம்பி, நேரா வைக்க வரல" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார் அந்த மனுஷன். நான் மூன்றாவது முறை முயற்சி செய்தேன்.

விரல் துண்டானால் நாற்காலி வித்தை செல்லாது. ஆள் வேலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அன்றே அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பலகை பூஜ்யம், கேடயம் போச்சு. அதனால் விபத்தே நடக்கவில்லை என்று ஆக்கினார்கள். விசிலிடம், "வாயத் தொறக்காம இருந்தா லேசான வேலையா போட்டுத் தர்றோம். தொறந்தா, வீட்டு மோட்டார்ல கைய விட்டன்னு நாங்க சொல்லிருவோம், அப்புறம் வேலையும் இல்ல, நஷ்டஈடும் இல்ல" என்று சொன்னார்கள். என் முன்னால்தான் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அவர் தலையாட்டினார். வீட்டில் மனைவி, மாமியார், படிக்கிற இரண்டு பெண்கள், வேறென்ன செய்வார்.

நான்கு நாளில் சேப்டி சார் புதுப் பதிவேடு ஒன்றோடு முதலுதவி அறைக்குப் போனார். கட்டங்களெல்லாம் சுத்தமாக நிரப்பி, மாதத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு 'இல்லை'. நடுநடுவே நம்பும்படியாக இரண்டு சிராய்ப்பு.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். எல்லாப் பக்கத்துலயும் ஒரு கையெழுத்துப் போட்டுரும்மா."

அக்கா புரட்டிப் பார்த்தார். "அழகா எழுதியிருக்கீங்க சார். ஒரே உட்கார்ல எழுதுனீங்களா?"

"கையெழுத்துப் போடும்மா."

"இதுல நான் கட்டுன கட்டு ஒண்ணுகூட இல்லையே. நான் எதுக்குப் போடணும்?"

"நல்லபடியாச் சொல்றேன். பதினாலு வருஷமா இந்த ரூம்ல உக்காந்துட்ட. நாளைக்கே திரும்பப் பேக்கிங்ல நிக்க வேண்டியிருக்கும்."

"நின்ன இடம்தானே சார். மெஷின் எந்தப் பக்கம் கடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

அன்று மத்தியானமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். பழைய பதிவேடு சேப்டி சாரின் அலமாரிக்குள் போயிற்று. பிறகு அது எந்த அலமாரியிலும் இல்லை. அக்கா நாடா இயந்திரத்தின் முன்னால் நின்றார். புதுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஸ்டோரிலிருந்து ஒரு ஆளைப் பிடித்தார்கள். விசில் அடிக்க ஆளில்லாமல் பிரஸ் பிரிவில் சாப்பாட்டு நேரம் தாறுமாறாகப் போயிற்று.

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். இன்ஸ்பெக்டரிடம் எதையும் சொல்லாமல் விஷயத்தை விட்டுவிடச் சொல்லத்தான் போனேன், நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. மாடியில் இரண்டு அறை. அவர் கணவர் பள்ளிக்கூட ஆய்வுக்கூட உதவியாளர், குரல் உயர்த்தத் தெரியாத மனிதர், மகளின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் காதைப் பொத்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாள்.

"சொல்லிப் பாருங்க தம்பி" என்றார் அவர். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் சொல்றேன். என் பேச்சு எடுபடல, உங்க பேச்சாவது எடுபடுதான்னு பாப்போம்."

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கோணல் விரல் மட்டும் விலகி நின்றது. நான் சொல்ல வந்ததைச் சொல்லுமுன் அவரே கேட்டார்.

"தம்பி, விசிலண்ணனுக்கு விரலை மாத்திக் குடுத்தியே, அது மெஷின்ல இருக்குமா?"

"எது?"

"எந்த விரலு, என்னிக்கு மாத்துனது, யாரு மாத்துனது. இருக்குமா இருக்காதா?"

இருக்கும். எல்லாமே இருக்கும். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு மாற்றம். சிலருக்கு ரேகை தேய்ந்து போய் மாற்றியது, அவை மாறியது மாறியபடியே நிற்கும். சில வாரத்தில் பழைய விரலுக்கே திரும்பியவை இருபத்தாறு, அத்தனையும் காயம். படிவம் அனுப்பாமல் தப்பிக்க ஆளைக் கூட்டிவந்து விரல் வைக்கவைத்த சேப்டி சார், ஒவ்வொரு முறையும் தேதி நேரத்தோடு தன்னையறியாமலே இன்னொரு விபத்துப் பதிவேட்டை எழுதவைத்திருக்கிறார். எழுதியது நான். அந்த வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே அது உறைத்தது.

"அக்கா, என்னை இதுல இழுக்காதீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"அவருக்கு ரெண்டு விரல் இருந்துச்சு" என்றார் அக்கா.

கோபம் வந்தது எனக்கு. "அந்தாளுக்காகவா? அன்னிக்கு உங்களுக்கு அவர் என்ன செஞ்சாரு? வாய் கூசாம கதவுன்னு சொன்னவர்தானே?"

அக்கா கத்தியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். "சொன்னாரு. மறக்கல. அதுக்காக இன்னிக்கு அவர் கையையும் கதவுல நசுக்கணுமா? நான் அவருக்காகப் போகல தம்பி. அந்தச் சாட்சிக் கட்டம் காலியா இருக்கு, எனக்கு ஆத்திரமா வருது. நீ குடுத்தாலும் போவேன், குடுக்கலேன்னாலும் போவேன்."

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் பலகையில் முந்நூற்று அறுபது. விசிலை விரல் வைக்கச் சொல்லி உடனே வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிக்கிறவர். மேனேஜர் அறையில் புதுப் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வருகைப் பதிவைக் காட்ட என்னைக் கம்ப்யூட்டரோடு கூப்பிட்டிருந்தார்கள்.

"பரவாயில்லையே, வருஷம் பூரா விபத்தே இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க ஆளுங்க அப்படி" என்றார் மேனேஜர்.

அப்போது கதவு திறந்தது. அக்கா பேக்கிங் ஏப்ரனோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "பிரஸ்ல போன வாரம் ஒருத்தருக்கு ரெண்டு விரல் போச்சுங்க. நான்தான் கட்டுப்போட்டேன். அது இந்த நோட்டுல இருக்கான்னு பாருங்க" என்றார்.

சேப்டி சார் எழுந்துவிட்டார். மேனேஜர் பதறவே இல்லை, சிரித்தார். "இவங்களை வேலை மாத்துனோம் மேடம், அந்தக் கோபம். அந்த ஆபரேட்டர் பேருக்கு வருகையை எடுப்பா." நான் எடுத்தேன். "பாருங்க. ஒரு நாள்கூட லீவு இல்ல. இன்னிக்குக்கூட வந்திருக்காரு. விரல் போன ஆள் மறுநாளே வேலைக்கு வருவாரா?"

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பதில் சொல்லுங்கள் என்பதுபோல.

"வந்தாருங்க" என்றார் அக்கா. "எந்த விரலால வந்தாருன்னு கேளுங்க."

சேப்டி சார் என்னைப் பார்த்த பார்வையில் என் பதினோரு வருட வேலை இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அது எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. நான் சொல்ல மாட்டேன் என்று முடிவே செய்துவிட்டாரா? மூன்று வருடமாகச் சுவரைப் பார்த்த அத்தனை பேரும் என் பிடரியில் நிற்பதுபோல இருந்தது. போனால் போகிறது என்று கம்ப்யூட்டரை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினேன்.

"இடது ஆள்காட்டி விரல் மேடம்" என்றேன். "அதுக்கு முந்தின நாள் வரைக்கும் வலது. மாத்துனது நான்தான். இவர் மட்டும் இல்ல, மொத்தப் பட்டியலும் இருக்கு. பிரிண்ட் எடுக்கட்டுமா?"

பிரிண்டர் மூன்று தாள் துப்பியது. அந்த மூன்று தாளுக்கு மேனேஜரிடம் சிரிப்பு இல்லை.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் பிரஸ்ஸைப் போய்ப் பார்த்தார், பட்டனைத் தடவி விரலில் ஒட்டிய பசையை முகர்ந்தார், விசிலின் வீட்டுக்கே போய் வாக்குமூலம் வாங்கினார். சாயங்காலம் பதிவேட்டின் 'இல்லை' பக்கங்களைக் குறுக்கே கோடடித்துவிட்டு, அக்காவிடம் பேனாவைக் கொடுத்தார். அக்கா நின்றபடியே எழுதினார், பழைய நோட்டில் எழுதிய அதே வார்த்தைகள், டேப் உள்பட. சாட்சிக் கட்டம் வந்ததும் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"நான் நடந்ததைப் பாக்கலையே அக்கா."

"மறுநாள் அந்தக் கையைப் பாத்தியா இல்லையா?"

பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றே படிவம் போயிற்று.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா வாசலில் நின்றார். காவலாளியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மூன்று எண்களையும் கழற்றி, ஒரே ஒரு பூஜ்யத்தை மாட்டினார். ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம் அப்படியே நின்றது. "எங்க பெட்டியில மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று ஒருவர் சொன்னார். அக்கா ஸ்டூலில் நின்றபடியே, "போட்டேன். பெட்டிய யாரு தூக்கிட்டுப் போவீங்க? கை வேணுமில்ல?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். ஒரு வாரம் அவரோடு யாரும் டீ குடிக்கவில்லை. அவர் தனியாகக் குடித்தார், நிதானமாக.

என்னைக் கழிவுத் தகடு குவிக்கும் ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள். பரவாயில்லை, அங்கே காற்று நன்றாக வருகிறது. சேப்டி சார் வேறு கிளைக்குப் போனார். அரசாங்க உத்தரவு வந்து மூன்றாம் மாதம் அக்காவுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. விசிலுக்கு நஷ்டஈடு வந்தது, ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலையும் வந்தது. பிரஸ்களில் இப்போது இரண்டு பட்டனும் வேலை செய்கின்றன. பலகை இன்றுவரை நாற்பதைத் தாண்டவில்லை. ஆட்கள் வந்து எழுதச் சொல்கிறார்கள், அதனால்.

போன மாதம் ஒரு தகடு என் உள்ளங்கையைக் கிழித்தது. கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் டிஞ்சருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கே நின்றாய், கையுறை கொடுத்தார்களா, யார் பக்கத்தில் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். விசில் உள்ளே வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"அந்த நோட்டை எடும்மா" என்றார். "உன்னோடத எழுது."

அக்காவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "பத்தொம்பது வருஷம் ஆச்சுண்ணே. இதை எங்கயும் அனுப்ப முடியாது. ஒண்ணும் வராது."

"வர வேண்டாம். எழுது. நான் நின்னேன், பாத்தேன். கதவு இல்ல."

அக்கா குழாயைத் தட்டிக் கையைக் கழுவினார். பிறகு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, தன் பெயர், அந்தத் தேதி, நாடா கட்டும் இயந்திரம், இடது சுண்டுவிரல் என்று கட்டம் கட்டமாக எழுதினார். தேதியை யோசிக்கவே இல்லை. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நோட்டைத் திருப்பி வைத்தார்.

விசில் பேனாவை இடதுகையில் வாங்கினார். ஸ்டோரில் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் மாதக்கணக்காக எழுதிப் பழகியிருந்தாராம், பிறகு சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, உதட்டைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதி முடித்தார். எழுத்து கோணலாக இருந்தது. படிக்க முடிந்தது.